அணைக்கக் கூடாத பதினோராம் பெட்டி

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். தொழிற்சாலையின் மெஷின் ஷாப்புக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பதினோராம் இயந்திரத்தின் பக்கவாட்டில் பொருத்தியிருந்த சிறு பெட்டி. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. மூடியின் மேல் மூன்று விரலால் இழுத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுவில் குங்குமம். ஒயரில் ஒரு சாமந்தி இதழ் சிக்கியிருந்தது. சந்தனத்துக்குக் கீழே பச்சை விளக்கு. நிமிர்ந்து வரிசை முழுவதையும் பார்த்தேன். இருபத்து நான்கு இயந்திரம், இருபத்து நான்கு பெட்டி, இருபத்து நான்கு பச்சை. ஒன்றுகூட மஞ்சள் இல்லை.

ஆயுத பூஜைக்காக எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துவிட்டு, மறுபடி எழுப்பிய முதல் காலை அது. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது.

இருபத்து நான்கு பெட்டியும் அந்த நேரத்தில் ஒரே தவறைச் சொல்லிக்கொண்டிருந்தன. அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

இதை இப்போது எழுதக் காரணம் திவ்யா. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பொறியாளர். போன மாதம் கூப்பிட்டார். வேலை முறைக் குறிப்பேட்டில் ஒரு வரி அவருக்குப் புரியவில்லை. “ஆயுத பூஜை அன்று பதினோராம் பெட்டியை அணைக்கக் கூடாது. பொட்டு வைக்கலாம்.”

“இது என்ன சார், சாமி விஷயமா?”

“இல்லம்மா. மணி விஷயம்.”

“அப்ப எழுதிக் கொடுங்க. நம்ம கம்பெனி மலர்ல போட்டுடலாம். நாலு பேருக்குத் தெரியட்டும்.”

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொந்த ஊர் கல்லாவி. பள்ளி முடித்ததும் இரண்டு வருடம் கிருஷ்ணகிரியில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். விபத்து, பஞ்சாயத்துக் கூட்டம், மாங்காய் விலை. செய்தியைத் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருந்த உதவி ஆசிரியர் ஒரே கேள்விதான் கேட்பார்: “நீ பார்த்ததா, யாராவது சொன்னதா?” பதில் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போக விட மாட்டார். அப்புறம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ். அப்புறம் ஓசூர். மூக்கண்டப்பள்ளியில் ஆறு பேர் தங்கிய ஓர் அறை, தொழிற்பேட்டையில் பிரேக் சிலிண்டர் செய்யும் இந்தத் தொழிற்சாலை. கடைசிவரை இங்கேயே.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சிலிண்டரின் துளையை அளந்து, அளவு பதிவான பிறகுதான் அது அடுத்த மேசைக்கு நகர வேண்டும். பதிவு இல்லாத சிலிண்டரை யாரும் தொடக் கூடாது. பல வருடம் அந்தப் பதிவெல்லாம் குளிர்சாதன அறைக்குள் இருந்த ஒரே ஒரு சர்வருக்குப் போயிற்று. அறையில் ஏ.சி. நின்றால் சர்வர் நிற்கும். சர்வர் நின்றால் இருபத்து நான்கு இயந்திரமும் நிற்கும். ஒரு சித்திரை மாதத்தில் மூன்று தடவை அப்படி நின்றது. மூன்றாம் தடவை, கை கட்டி நின்ற தொழிலாளர்கள் நடுவில் நின்றுகொண்டு எங்கள் மின்னணுப் பராமரிப்புத் தலைவி ரேணுகா மேடம் சொன்னார்:

“ஒரு ஆளுக்குக் காய்ச்சல் வந்தா ஊரே படுத்துக்குமா மாதையா? இது என்ன ஏற்பாடு?”

ரேணுகா மேடம் ஓசூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கிரேன் ஓட்டுநரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். நான் பார்த்து அவர் உட்கார்ந்ததில்லை. இயந்திரத்தின் அடிப்பலகையில் ஒரு காலை ஊன்றி, கன்னத்தில் ஒரு ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு கேட்பார். குரல் உயராது. வேலை முடிந்ததா என்பதை “ஆய்த்தா?” என்று கன்னடத்தில்தான் கேட்பார். ஆகாத வேலைக்கு நாம் காரணம் சொல்லத் தொடங்கினால் ஏலக்காயைக் கடிக்கும் சத்தம் கேட்கும். அதற்கு மேல் காரணம் சொல்லத் துணிவு வராது.

அவர் கொண்டுவந்த ஏற்பாடு இதுதான். சர்வரே வேண்டாம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு சின்னக் கணினி. உள்ளங்கை அகலப் பலகை ஒன்று, அதற்கு ஒரு பெட்டி. அளவுக் கருவி சொல்வதை அது தன்னிடம் எழுதிக்கொள்ளும். எழுதியதை மூன்று பக்கத்துப் பெட்டிகளுக்கும் சொல்லும். அவையும் எழுதி வைத்துக்கொள்ளும். தலைவன் என்று எதுவும் கிடையாது. எல்லாம் சமம். ஒரு பெட்டி சொன்னதும் அதன் பக்கத்து மூன்றும் சொன்னதும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு. யாராவது பதில் பேசாவிட்டால் மஞ்சள். உடனே வேறொரு பக்கத்துப் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதனிடம் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு மறுபடி பச்சை.

“ஊருக்குப் போறப்ப மூணு வீட்டுல சொல்லி வெச்சுட்டுப் போறோம்ல, அவ்ளோதான்” என்றார் மேடம்.

முதன்முதலில் எல்லாவற்றையும் இணைத்த அன்று, எல்லாரும் பார்க்க, அவர் நேராக ஏழாம் இயந்திரத்துக்குப் போனார். பெட்டியின் மின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. ஆறு, எட்டு, எதிர் வரிசையில் பத்தொன்பது, மூன்றிலும் மஞ்சள். மேடம் எண்ணினார். எண்ணும்போது மட்டும் தெலுங்கு. “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு…”  ஏழுக்கு “ஏடு” என்றபோது மூன்றும் பச்சைக்குத் திரும்பின. ஏழாம் பெட்டியின் பதிவு முழுவதும் வேறு மூன்று இடத்தில் பத்திரமாக இருந்தது. யாரோ கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இத்தனை வருட வேலையில் இயந்திரத்தைப் பார்த்துக் கை தட்டியது அன்று ஒரு நாள்தான்.

அதன் பிறகு தினமும் காலை ஆறு பத்துக்கு அது வழக்கமாயிற்று. எந்தப் பெட்டி என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார். பிடுங்குவார், எண்ணுவார். பத்துக்கு “பதி” சொல்வதற்குள் பச்சை வர வேண்டும். வரும். ஒவ்வொரு நாளும் அந்த ஏழெட்டு நொடிக்கு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். ஆயுத பூஜைக்குப் பிந்தைய அந்த வெள்ளிக்கிழமையும் பிடுங்கினார். ஆறு எண்ணுவதற்குள் பச்சை.

இந்தச் சின்னக் கணினிகளுக்கு ஒரு குறை உண்டு. உள்ளே கடிகார பேட்டரி கிடையாது. அணைத்தால் நேரம் நின்றுவிடும். மறுபடி எழுந்ததும் பக்கத்துப் பெட்டியிடம் மணி கேட்டுச் சரிசெய்துகொள்ளும். வாடிக்கையாளரின் வரைபடங்கள் இருப்பதால் வெளி இணையத்தோடு தொடர்பு இல்லை. ஆகவே திங்கட்கிழமை தோறும் காலையில் நான் ஒரு பெட்டியில் மடிக்கணினியைச் செருகி, டைம் ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்தைத் தட்டிவிடுவேன். அது மற்றவற்றுக்குச் சொல்லிவிடும். எப்போதும் வித்தியாசம் சில நொடிதான் இருக்கும். அதனால் பழைய நேரம் என்ன என்று நான் பார்ப்பதில்லை. புதியதைத் தட்டுவேன், மூடுவேன்.

அந்த வருட ஆயுத பூஜைதான் இந்தப் பெட்டிகள் கண்ட முதல் பூஜை. புதன்கிழமை காலை முதல் ஷிப்டு முழுக்க இயந்திரங்களைக் கழுவினோம். இயந்திரத்தைக் குளிரவைக்கும் எண்ணெய் கலந்த தண்ணீர், கூலண்ட், அதன் தொட்டியை வடித்து, துடைத்து, புதிதாக ஊற்றினோம். மதியம் இரண்டு மணிக்கு மெயின் ஸ்விட்ச் இறங்கியது. கற்பூரம், பூசணிக்காய், பொரி, சுண்டல். பெட்டிகளுக்கும் சந்தனம் வைத்தோம். வியாழன் விடுமுறை.

எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றாதது இது: ஒரு பெட்டியை அணைத்தால் அது பக்கத்து வீட்டில் மணி கேட்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்தால் யாரிடம் கேட்கும்? வருடம் முழுவதும் நடக்காத காரியம் பூஜையன்று நடந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை ஏழு மணிக்கு, தரக் கட்டுப்பாட்டு மேலாளர் பாஸ்கரன் என் மேசைக்கு வந்தார். நேர்மையானவர், ஆனால் தாளில் இருப்பதை மட்டும் நம்புகிறவர். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சிலிண்டர்களில் துளைக்குள் துருப் புள்ளி. அவற்றின் எண்களை ஒரு சீட்டில் எழுதியிருந்தார்.

“இது எப்ப, யார் ஓட்டினதுன்னு எடுத்துக் கொடுங்க மாதையன்.”

எடுத்தேன். பதினோராம் இயந்திரம். ஓட்டியவர் செல்வி. நேரம், ஆயுத பூஜைப் புதன்கிழமை மாலை நான்கரை முதல் ஆறு வரை. அச்சடித்துக் கையில் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார்.

“புதன்கிழமை ரெண்டு மணிக்கே மெயின் ஆஃப். நாலரைக்கு எப்படி அளந்தா?”

நான் தாளை வாங்கி மறுபடி பார்த்தேன். அவர் கேட்டுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டினார். புதன் மாலை உள்ளே வந்தவர் ஒரே ஒருவர். செல்வி. உள்ளே ஐந்து ஐந்து, வெளியே ஐந்து இருபது. பாஸ்கரனுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஆளில்லாத நேரத்தில் வந்து பொய் அளவு ஏற்றியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார். பதினொரு மணிக்கு விசாரணை. பொய்ப் பதிவுக்கு எங்கள் தொழிற்சாலையில் ஒரே தண்டனைதான். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே.

செல்வி சாத்தூர் பக்கத்துப் பெண். கணவர் வேறொரு தொழிற்சாலையில் வெல்டர். அடுத்த மாதம் நிரந்தரப் பட்டியலில் பெயர் வரவேண்டிய ஐந்து பேரில் ஒருவர். எட்டு மணிக்கு என்னைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நான் வந்தது சுண்டல் குண்டா எடுக்கண்ணே. வீட்டுக்காரம்மா குண்டா. அதைத் திருப்பிக் கொடுக்கலைன்னா அந்தம்மா என்னை ஆஞ்சுரும். மெசின் பக்கமே போகலை. நீங்கதான தாள் கொடுத்தீகளாம்?”

“நான்தாம்மா.”

“அப்ப உங்க பெட்டிதான் பொய் சொல்லுது.”

“இருபத்து நாலும் பச்சையா இருக்குதும்மா. அது எப்படிப் பொய் சொல்லும்?”

“என்னைக் கேட்டா? சந்தனம் வச்சு கும்பிட்டவுக நீங்க.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குடித்த தம்ளரைத் திரும்ப மாட்டும்போது அது கொக்கியில் இரண்டு தடவை தவறியது.

ரேணுகா மேடத்திடம் போனேன். கால் அடிப்பலகையில், ஏலக்காய் கன்னத்தில். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“மணி நாலரைன்னு நீ பார்த்தியா?”

“பெட்டி சொல்லுச்சு மேடம்.”

“பெட்டிக்கு யாரு சொன்னா?”

கிருஷ்ணகிரி தொலைபேசியில் கேட்ட கேள்வியேதான்.  முப்பது வருடத்துக்கு முன்னால் பாஸ் ஆன பாடத்தில் மறுபடி ஃபெயில்.

மடிக்கணினியோடு பத்தாம் இயந்திரத்துக்கு ஓடினேன். பதினொன்றின் நகல் அதனிடம் இருக்கிறது. அதுவும் புதன் நாலரை என்றது. பன்னிரண்டு, அதே. எதிர் வரிசையில் இருபத்து மூன்று, அதே. மூன்று சாட்சியும் செல்விக்கு எதிராக ஒரே குரலில் பேசின. மணி ஒன்பதே கால்.

அப்போதுதான் பெட்டி எழுந்ததும் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் முதல் வரி நினைவுக்கு வந்தது. நாங்கள் யாரும் படிக்காத வரி. எப்போது எழுந்தேன், நேரம் எங்கிருந்து கிடைத்தது என்று இரண்டு சேதி அதில் இருக்கும். சாதாரண நாளில் நேரத்துக்கு எதிரே பக்கத்துப் பெட்டியின் எண் இருக்கும். பதினொன்றில் அந்தப் புதன்கிழமை வரியைத் தேடினேன். எழுந்தது மதியம் இரண்டு. நேரம் சொன்னவர் இருந்த இடத்தில் எண் இல்லை. “சொந்த நினைவு” என்று பொருள்படும் குறி இருந்தது.

பத்தாம் பெட்டி: மதியம் இரண்டு. சொந்த நினைவு. ஒன்பது, எட்டு, ஏழு, எல்லாம் சொந்த நினைவு. வரிசையில் ஓடியே போனேன். தொழிலாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இன்னா சார், தீ புடிச்சுகிச்சா?” என்று ஒருவர் கத்தினார். நான் நிற்கவில்லை. இருபத்து நான்கும் அதே. எல்லாம் ஒன்றாகத் தூங்கி, ஒன்றாக எழுந்து, தூங்கப்போன நேரத்தையே இப்போதைய நேரம் என்று ஒவ்வொன்றும் நினைத்திருக்கிறது. பக்கத்தில் கேட்டிருக்கிறது. பக்கத்திலும் அதே நினைப்பு. ஆளுக்கு ஓரிரு நிமிடம் முன்பின். அதையும் பேசிச் சமப்படுத்திக்கொண்டு பச்சை காட்டியிருக்கின்றன. வெள்ளி காலை ஆறு மணியை அவை புதன் மதியம் இரண்டு மணி என்று ஒருமனதாக நம்பியிருக்கின்றன. நாற்பது மணி நேரம்.

அப்படியானால் புதன் மாலை நாலரை என்பது வெள்ளி காலை எட்டரை. ஷிப்ட் சூப்பர்வைசரின் கைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அன்றாட உற்பத்திக் கணக்கு அதிலிருந்து போவதால்தான் பெட்டியின் தேதியை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளி முதல் ஷிப்ட், பதினோராம் இயந்திரம், செல்வி. அவர் செய்த எண்ணிக்கையும், பெட்டி புதன் மாலை என்று சொன்ன எண்ணிக்கையும் ஒன்று விடாமல் பொருந்தின. நான் மேசையை ஓங்கித் தட்டினேன். சூப்பர்வைசரின் டீ சிந்தியது.

டீயைத் துடைக்கும்போது இன்னொன்றும் தெரிந்துவிட்டது. தவறான நேரம் திங்கட்கிழமை காலை வரை ஓடியிருக்கிறது. திங்கட்கிழமை அதைச் சரிசெய்தது நான். நாற்பது மணி நேர வித்தியாசம் என் கண் முன்னால் திரையில் இருந்தது. பார்க்கவில்லை. புதியதைத் தட்டினேன், மூடினேன்.

பதினொரு மணி. கேன்டீன் மாடி அறை. பாஸ்கரன், நிர்வாக அதிகாரி ஒருவர், ரேணுகா மேடம், நான். செல்வி நின்றுகொண்டிருந்தார். மேடமும் நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்கு உள்ள வந்தே?” என்றார் பாஸ்கரன்.

“குண்டா எடுக்க சார்.”

“என்ன குண்டா?”

“சுண்டல் குண்டா சார். நீங்ககூட ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டீக.”

நிர்வாக அதிகாரி தாளைக் குனிந்து பார்த்தார். மேடம் இருபத்து நான்கு பெட்டியின் அச்சுத் தாள்களையும் மேசையில் பரப்பினார்.

“பாஸ்கரன் சார், நீங்க பதினோராம் பெட்டியை மட்டும்தான் கேட்டீங்க. இது மிச்சம் இருபத்து மூணு. அன்னிக்கு சாயங்காலம் எல்லா மெஷினும் ஓடியிருக்குது. மறுநாள் லீவு, அன்னிக்கும் முழுசா ஓடியிருக்குது. உள்ள இருந்தது இந்தப் பொண்ணு ஒருத்தி. அதுவும் கால் மணி நேரம். இருபத்து நாலு மெஷினையும் தனியா ஓட்டுவான்னா, இவளை வெச்சுக்கிட்டு நம்ம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

பாஸ்கரன் ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார். அவசரப்படவில்லை. சூப்பர்வைசரின் பதிவேட்டை விரலால் ஓட்டிச் சரிபார்த்தார். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் செல்வி தன் அடையாள அட்டையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மணி தப்பு. ஒத்துக்கறேன்” என்றார் பாஸ்கரன் கடைசியில். “மூணு நாள் தப்பா ஓடியிருக்குது. திங்கட்கிழமை சரியாயிருக்குது. சரி பண்ண ஆளுக்குத் தெரியாமயா இருக்கும்?”

அறையில் ஏலக்காய் கடிபடும் சத்தம் கேட்கவில்லை. மேடம் என்னைப் பார்க்கவும் இல்லை.

“நான்தான் சார் சரி பண்ணது. பழைய நேரத்தைப் பார்க்கலை.”

அவர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, “அப்ப இந்த பீஸ் எல்லாம் பூஜை முடிஞ்சு மொத மொத ஓட்டினது” என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். தவறான நேரத்தில் கிடைக்காத காரணம் சரியான நேரத்தில் கிடைத்துவிட்டது. நேராகப் பதினோராம் இயந்திரத்தின் கூலண்ட் தொட்டிக்குப் போய்க் குனிந்தார். பூஜைக்குக் கழுவிய பிறகு ஊற்றியதில் எண்ணெய் குறைவு, தண்ணீர் அதிகம். அடுத்த நாட்களில் மேலே ஊற்றி ஊற்றி அது தானாகச் சரியாகியிருந்தது. செல்வி அளந்தபோது துளை சரியான அளவில்தான் இருந்தது. துரு வாடிக்கையாளருக்குப் போகும் வழியில் பிடித்தது.

பாஸ்கரன் அங்கேயே நின்று, “போய் மெஷினைப் பாரும்மா” என்றார் செல்வியிடம்.

“சரிங்க சார். அந்தக் குண்டா அன்னைக்குக் கிடைக்கலை சார். அதையும் கொஞ்சம் விசாரிங்க.”

வரிசை முழுவதும் சிரித்தது. பாஸ்கரனும்.

எனக்கு அன்று மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமே பெட்டிகளுக்குக் கடிகார பேட்டரி வாங்க எழுதிப் போட்டோம். அவை வரும்வரை காத்திருக்க மேடம் தயாராக இல்லை. மூன்று விதி எழுதினார். திங்கட்கிழமை பழைய நேரத்தை முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் புதியதைத் தட்ட வேண்டும். பெட்டி எழுந்ததும் எழுதும் முதல் வரியைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஆயுத பூஜை அன்று ஒரு பெட்டியாவது விழித்திருக்க வேண்டும். எந்தப் பெட்டி என்று கேட்டேன். “இதென்ன கேள்வி?” என்றார். பதினொன்றுக்குத் தனியாக ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தோம். பூஜை மாலையில் ஒருவர் உள்ளே போய் அதன் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றும் சேர்த்தார்.

அடுத்த பூஜை முடிந்த காலை ஆறு பத்துக்கு இருபத்து மூன்று பெட்டிகள் எழுந்தன. முதல் வரியை ஒவ்வொன்றாகப் படித்தேன். பத்தும் பன்னிரண்டும் இருபத்து மூன்றும் பதினொன்றைக் கேட்டிருந்தன. அவற்றை அடுத்தவை கேட்டிருந்தன. நேரம் கைமாறிக் கைமாறிக் கடைசி இயந்திரம் வரை போய்ச் சேர்ந்த வழி அப்படியே தாளில் இருந்தது. “ஆய்த்தா?” என்றார் மேடம். “ஆய்த்து மேடம்” என்றேன். அவர் உடனே பதினோராம் பெட்டியின் ஒயரைப் பிடித்து இழுத்து எண்ணத் தொடங்கினார். அன்று பக்கத்து மூன்றும் ஐந்திலேயே பச்சையாயின.

இதை எழுதி முடித்துத் திவ்யாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவர் ஒரு படம் அனுப்பினார். இந்த வருட ஆயுத பூஜை அன்றைய கேட் பதிவேட்டின் பக்கம். அன்று மாலை அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

பெயர்: செல்வி, லைன் இன்சார்ஜ். உள்ளே: 5.05. வெளியே: 5.20. காரணம்: பெட்டி பார்க்க.